ஓநாய் மனிதனைப் பற்றிப் பதினேழாம் ஆள் சொன்னது

சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடமாகத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தால், எந்த வரி பிள்ளையுடையது, எந்த வரி எங்கிருந்தோ சுட்டது என்று இரண்டாவது பக்கத்திலேயே சொல்லிவிடுவேன். போன வருடம் மட்டும் இரண்டு பேர் கணினியிடம் எழுதி வாங்கிய ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்து என்னிடம் வசமாக மாட்டிக்கொண்டார்கள். துறையில் எனக்கு ‘மோப்பம் மேடம்’ என்று பெயர். என் காதுக்கு எட்டாத தூரத்தில்தான் சொல்வார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆகவே, சபீஹாவின் ஆய்வேட்டில் பதினேழாம் ஆள் வந்து நின்றதும் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

சபீஹா என்னிடம் பிஎச்.டி. செய்யும் கடைசி மாணவி. நான் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான். அவளுக்கு முப்பத்து நாலு வயது. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் ஷாகுல் கேம்ப் ரோட்டில் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். தமிழில் டப்பிங் செய்து டிவியில் போடும் வெளிநாட்டுப் படங்களில் வருகிற ரத்தக் காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும்தான் அவளுடைய ஆய்வு. அவற்றை நம் புறநகர் ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஏழு வருடமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முதல் நாள் தலைப்பைச் சொன்னபோது பல்கலைக்கழகக் குழுவில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். பக்கத்து மேஜை ஸ்ரீவத்சன், பேய்க்கு ஆராய்ச்சி, அதற்குப் பூசாரி ஒரு ஞானஸ்நானம் வாங்கிய அம்மா என்று கிண்டலடித்தார். நான்தான் விடாப்பிடியாக அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

வேலை நன்றாகத்தான் செய்திருந்தாள். தையல் கடை, மொபைல் ரிப்பேர் கடை, பெண்கள் ஹாஸ்டல் என்று அலைந்து நாற்பது பேரிடம் பேட்டி எடுத்திருந்தாள். நாலாம் ஆள் ஒரு பூக்காரம்மா. கோட்டும் பூட்ஸுமாக வருகிற காட்டேரி படப்பை பஸ்ஸில் ஒரு நடை போய்வந்தால் வேர்த்தே செத்துவிடுவான் என்று அவர் சொல்லியிருந்தார். பதினோராம் ஆள் ஒரு சமையற்காரர். பூண்டுக்குப் பயப்படுகிறவன் தன் ரசம் கொதிக்கிற தெருவுக்குள் காலே வைக்க மாட்டான் என்று அடித்துச் சொல்லியிருந்தார். படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இவர்களை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

கடைசி அத்தியாயம்தான் சிக்கல். அது ஓநாய் மனிதனைப் பற்றியது. அதில் சபீஹா சொல்லவந்தது இதுதான்: நம் ஜனங்கள் காட்டேரியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஓநாய் மனிதனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். ஆய்வேட்டின் உயிர் இந்த வாதத்தில் இருந்தது. வாதமோ ஒரே ஒரு ஆளின் தலைமேல் நின்றது. பதினேழாம் ஆள், ஆண், ஐம்பத்தைந்துக்கு மேல், பணி ஓய்வு பெற்றவர், பகலில் டப்பிங் படங்கள் பார்ப்பவர். அவ்வளவுதான் குறிப்பு. எங்கள் துறையில் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஜனங்கள் சொன்னதும் ஆங்கிலத்தில்தான் வரும். அந்த ஆங்கிலத்தை அப்படியே தமிழில் சொல்வதானால், அவர் சொன்னது இது:

“காட்டேரி பிறர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது; அழைத்தால்தான் உள்ளே வர முடியும். ஓநாய் மனிதனோ தன் சொந்த வீட்டுக்குத்தான் திரும்புகிறான். விடிந்த பின், இரவில் தான் செய்தது அவனுக்கு நினைவில் இல்லை. வீட்டில் இருப்பவர்களின் முகங்களைப் பார்த்தே அவன் அதை அறிந்துகொள்ள வேண்டும்.”

ஒரு பக்கம் தள்ளி இன்னொன்று:

“அவன் ஓநாயாக மாறுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வீட்டார் கதவைப் பூட்டுகிறார்கள். இதை மட்டும் எவரும் படமாக எடுக்கவில்லை.”

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். இந்தத் தாம்பரத்தில் ஓய்வு பெற்ற ஆண்களை எனக்குத் தெரியாதா? சர்க்கரையைப் பற்றிப் பேசுவார்கள், ரயில்வே கேட்டைப் பற்றிப் பேசுவார்கள், மருமகளைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இப்படிப் பேச மாட்டார்கள். இது பேசியது அல்ல, எழுதியது. எழுதியது யார் என்பதுதான் கேள்வி, சபீஹாவா, கணினியா?

அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு நீட்டிப்பு கிடையாது. கொடுத்த இரண்டு நீட்டிப்பும் தீர்ந்துவிட்டன. கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகி ஏழு வருடமும் தண்ணீரில் போட்ட கோலமாகிவிடும். கொடுப்பதற்கு முதல் பக்கத்தில், இது இவருடைய நேர்மையான உழைப்பு என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. பதினேழாம் ஆள் யார் என்று கேட்டேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பெயரைச் சொல்ல முடியாது மேடம், அது நீங்கள் போட்ட விதி என்றாள்.

விதி என்னுடையதுதான். முன்பு ஒரு மாணவன் பேட்டி கொடுத்தவரின் நிஜப் பெயரைப் போட்டுவிட, அந்தக் குடும்பமே துறைக்கு வந்து சண்டை போட்டது. அதற்குப் பிறகு, ஆய்வேட்டில் எண் மட்டும்தான். ஒலிப்பதிவையும் ஒப்புதல் படிவத்தையும் உறையில் போட்டு ஒட்டி என் பீரோவில் வைத்துவிட வேண்டும், தேர்வாளர் கேட்டால் ஒழியப் பிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். நானும்கூடப் பிரிக்கக் கூடாது.

பெயர் வேண்டாம், அவரிடம் ஒரு நிமிடம் போனில் பேசுகிறேன் என்று இறங்கி வந்தேன். அதற்கும் முடியாது என்றாள். எந்த ஏரியா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு சபீஹா?”

“பயம் எனக்கில்ல மேடம்” என்றாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொய் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை நிறையப் பேசும், இன்னொரு வகை வாயை இறுக மூடிக்கொள்ளும். இவள் இரண்டாவது வகை என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீவத்சன், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன் டிபன் டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

என் கணவர் டெனிஸைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தார். சாதாரணக் குடி இல்லை. ஒரு தடவை என் தங்கை மகள் கெசியாவின் கல்யாண விருந்தில், சர்ச் ஐயர் ஜெபம் செய்துகொண்டிருக்கும்போதே பந்தி மேஜையோடு சேர்ந்து விழுந்தார். அந்தக் குடும்பத்தார் முகத்தில் நான் ஆறு மாதம் விழிக்கவில்லை. அடுத்த ஈஸ்டரோடு நிறுத்தினார். யாரும் ஊசி போடவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை, தானாக நிறுத்தினார். ஒன்பது வருடம் ஆகிறது.

ஆனால் நான் சூடு கண்ட பூனை. வெளியே போய்விட்டு வந்தால் வாசல் மிதியடியில் நின்று, என் பக்கம் குனிந்து, ஒரு தடவை ஊதிக் காட்டிவிட்டுத்தான் அவர் உள்ளே வர வேண்டும். பால் வாங்கப் போனாலும் சரி, திருநீர்மலைப் பக்கம் நடந்துவிட்டு வந்தாலும் சரி. அவர் ஒருநாளும் முறுக்கிக்கொண்டதில்லை. எனக்கு அது பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கம். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அன்று சாயங்காலம் தோசை சுடும்போது சபீஹாவின் கதையை அவரிடம் கொட்டினேன். பொய்யாக ஒரு ஆளை உண்டாக்கிவிட்டாள், ஆளைக் காட்டச் சொன்னால் ஊமையாகிவிட்டாள், நான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றேன். ஓநாய் என்று சொல்லும்போதே அவர் கையில் இருந்த தோசை அப்படியே நின்றது.

“அப்டி ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

யார் சொல்வார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். மூன்று தோசை சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட் செய்துவிட்டார். யார் என்றேன். ராங் நம்பர் என்றார். ராங் நம்பரிடம் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பேசுகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பழைய குடிக் கூட்டாளிகள் யாராவது திரும்ப வந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டேன். அன்று அவரை இரண்டு தடவை ஊதச் சொன்னேன். இரண்டாவது தடவை படுக்கப் போகும் முன். ஊதினார். ஒன்றும் இல்லை. அப்படியும் எனக்குச் சமாதானமாகவில்லை.

புதன்கிழமை மத்தியானம் துறையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன்.

உறை பழுப்பு நிறத்தில் தடிமனாக இருந்தது. மேலே சபீஹாவின் உருண்டை எழுத்து. ஒட்டுக் காகிதத்தின் மேல் நான் போட்ட கையெழுத்தே குறுக்கே ஓடியது. என் கையெழுத்தை நானே பிளேடால் அறுத்தேன். சத்தியத்தைக் கண்டுபிடிக்கத்தானே செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டேன். ஒப்புதல் படிவக் கட்டு ஒன்றும், ஒரு பென் டிரைவும் இருந்தன. படிவங்களைத் தொடவில்லை. பென் டிரைவை மடிக்கணினியில் செருகி, பதினேழு என்ற எண்ணைத் தட்டி, காதில் இயர்போனை வைத்துக்கொண்டேன். ஒன்றுமே இருக்காது, அல்லது அவள் தன் கணவனையே பேசவைத்திருப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

முதலில் ஒரு காலிங் பெல். குருவி கத்துவதுபோல் இரண்டு தடவை. அந்தக் குருவியை எனக்குத் தெரியும். பத்து வருடமாக எங்கள் வீட்டு வாசலில் கத்துகிறது.

பிறகு யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து வந்து கதவைத் திறக்கும் சத்தம். பிறகு என் குரல்.

“நில்லுங்க. எங்க போய்ட்டு வரீங்க?”

“பிஸ்கட் வாங்கினு வந்தேன். அந்தப் பொண்ணு உக்காந்துகினு கீதே, டீயோட குடுக்கலாம்னு.”

“ஊதுங்க.”

ஒரு மூச்சு. காதில் இயர்போன் இருந்ததால் அந்த மூச்சு என் கன்னத்தின் மேல் படுவதுபோல் இருந்தது. “சரி, வாங்க. சபீஹா, நீ பத்து நிமிஷம் இரு, பேப்பர் திருத்தி முடிச்சுட்டு வரேன்” என்று என் குரல் சொன்னது. செருப்பு உள்ளே தேய்ந்து போயிற்று.

சபீஹா எதிரிலேயே ஊதச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த ஒரு பெண் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பிஸ்கட் பாக்கெட்டோடு நின்ற அறுபது வயது மனிதரை. பதிவின் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதம். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அதில் எதுவும் நடந்ததாகவே நான் நினைக்கவில்லை.

பேட்டிக்காகச் சபீஹா முன்பே பதிவை ஓடவிட்டிருக்க வேண்டும். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா அங்கிள் என்று சபீஹா மெதுவாகக் கேட்டாள். பரவாயில்லை, ரிக்கார்டர் ஓடுகிறதா, ஓடட்டும் என்றார் டெனிஸ். பிறகு பேசினார்.

“இன்னா கேட்ட, ஓநாய் மனுசனா? அவன் பாவம்மா. காட்டேரி இன்னா, அடுத்தவன் வூட்டு வாசல்ல போய் நிப்பான். கூப்டாதான் உள்ள வருவான். இவன் அப்டி இல்ல, சொந்த வூட்டுக்குத்தான் வர்றான். காலைல எந்திரிச்சா, ராத்திரி இன்னா பண்ணோம்னு அவனுக்கே தெரியாது. வூட்ல கீறவங்க மூஞ்சியப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்.”

நிறுத்திவிட்டு ஒரு மிடறு டீ குடித்தார். அந்த உறிஞ்சலுக்கு நான் எத்தனை தடவை முறைத்திருப்பேன்.

“அவன் மாறுறத வுட்டு எத்தினியோ வருசம் ஆச்சுன்னு வச்சிக்கோ. பௌர்ணமி வந்தா வூட்ல கதவப் பூட்டிக்கினுதான் கீறாங்க. அத்த எவனும் படம் எடுக்கலியே. இத மேடத்தாண்ட சொல்லாதம்மா. அவங்க மேல தப்பு இல்ல. நான் குடுத்த பேஜாருக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க.”

முகங்கள், அறிந்துகொள்ள வேண்டும், எவரும் படமாக எடுக்கவில்லை என்று என்ன அழகான ஆங்கிலம். பேசினவர்களின் வாய்மொழியைத் துடைத்துச் சுத்தமான ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று சபீஹாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். என் கல்லூரி ஆட்கள் வரும்போது ‘வூடு, கீது’ என்று பேசாதீர்கள் என்று டெனிஸுக்குச் சொன்னதும் நான்தான். அதிலிருந்து யார் வந்தாலும், நான் கூட இருந்தால் அவர் வாயே திறப்பதில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் பேசியது, அச்சில் வந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எவனோ கட்டிவிட்ட பொய் என்று சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஸ்ரீவத்சன் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றேன். அன்று சாயங்காலம் குருவி கத்தியதும் கதவைத் திறந்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். அவர் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். அவரைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சபீஹா வந்தாள். கையெழுத்து கிடைக்காது என்று தெரிந்தே வந்தவள்போல், பையைக்கூட மேஜையில் வைக்காமல் நின்றாள். நான் நாலு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன். அவள் சந்தோஷப்படவில்லை. என் மேஜை ஓரத்தில் கிடந்த உறையையும் அதில் அறுபட்டிருந்த ஒட்டுக் காகிதத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவர் உன்னிடம் போனில் பேசினாரா என்று கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை பேசினாங்க மேடம். எம் பேரச் சொல்லிடும்மா, படிப்ப வுட்றாதேன்னாங்க.”

“நீ ஏன் சொல்லல?”

அவள் நாலு பிரதிகளையும் ஒன்றாக அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள். “நான் திரும்ப ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் மேடம். அங்கிள் அந்த வீட்லதான இருக்கணும்.”

கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். டீச்சர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். உன்னை நான் சந்தேகப்பட்டது தப்பு சபீஹா, மன்னித்துவிடு என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, நேரமாகிறது என்று கிளம்பினாள். நாலு மணிக்கு முன்னால் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். டெனிஸ் வெளியே போயிருந்தார். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணிக்குக் குருவி கத்தியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

கையில் பால் பாக்கெட்டும் கீரைக்கட்டும் வைத்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மிதியடியின் மேல் ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, என் பக்கம் குனிந்தார். நான் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடமாக அந்த இடத்தில் நின்று அவர் வாயைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தார். தினமும் இப்படித்தான் மூடிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்துவந்தேன் என்பது அந்த முகத்தில் இருந்தது.

“வேணாங்க” என்றேன். “உள்ள வாங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். உள்ளே வரவில்லை. கோபித்துக்கொண்டு சொல்கிறேனா, புதிதாக ஏதாவது சந்தேகமா என்று என் முகத்தைத் தேடிப் பார்த்தார்.

“நேத்திக்கும் பாக்கல நீ” என்றார். “பாத்துடு ஈவ்லின். இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது.”

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து ஊதினார்.